கெட்ட மூளை நாய்க்கு: மணலி பக்கத்து ஆட்டுப்பட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஆடியில், மணலி புதுநகரை ஒட்டிய ஓர் ஆட்டுப்பட்டியில் நான்கு செம்மறிக் குட்டிகள் சில வார இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடிக்கத் தொடங்கின. தலை ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கமாகவே சுற்றும். வேலியில் போய் முட்டினால் அங்கேயே நிற்கும், பின்னால் வரத் தெரியாது. காய்ச்சல் கிடையாது, கழிச்சல் கிடையாது. நான்கும் 2023 மழைக்காலத்துக்குச் சற்று முன் பிறந்தவை. அதே பட்டியில் இருந்த பெரிய ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை, வெள்ளாடுகளுக்கும் இல்லை.

நோய் என்ன என்று சொல்வது இதில் பெரிய கஷ்டமில்லை. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்: நாடாப்புழுவின் நீர்ப்பை மூளைக்குள் வளரும் நோய். அது எப்படிப் பட்டிக்குள் வந்தது, ஏன் ஒரே ஈட்டில் நான்கு குட்டிகளைப் பிடித்தது என்பதைத் தேடப் போனபோதுதான் விஷயம் கறி வெட்டும் கட்டை வரை போனது. அந்தப் பட்டிக்கு வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில் அதை முழுதாக எழுதி வைக்கிறேன். ஆள், இடம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பட்டியும் குடும்பமும்

பெரியவர், அவர் மனைவி, கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். 36 செம்மறி, 11 வெள்ளாடு, 3 நாய். செம்மறி எல்லாம் மெட்ராஸ் சிவப்பு இனம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சொந்த ஆடு, கம்பளி கிடையாது, முடிதான். வெயிலையும் தாங்கும், கிடைத்ததைத் தின்று உடம்பும் பிடிக்கும். பகலில் ஏரிக்கரை, விற்காத மனைகள், யார்டு மதிலோரம் என்று மேயும். சாயங்காலம் கொட்டகையில் கொஞ்சம் தவிடு, புண்ணாக்கு, அகத்தித் தழை. பெரும்பாலான கிடாக்கள் பக்ரீத்துக்கு முன்னால் உயிரோடு வியாபாரியிடம் போய்விடும்.

மீதியை வீட்டில் வெட்டுவார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒன்றிரண்டு, தீபாவளிக்கு இரண்டு மூன்று, காணும் பொங்கலுக்கு ஒன்று. உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் முன்கூட்டியே சொல்லி வைத்துக் கூறு போட்டு எடுத்துக்கொள்வார்கள். வெட்டுபவர் பெரியவரின் மச்சான். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் பல வருடம் கைவேலை பார்த்தவர். தோலில் ஒரு கீறல் விழாமல் உரிப்பார். முந்தின இரவே தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, விடியற்காலையில் வேப்பமரத்தடியில் வேலையை முடித்துவிடுவார்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணலி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, மாநகராட்சி எல்லைக்குள் அனுமதி பெற்ற இறைச்சிக்கூடத்தில்தான் ஆடு வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். சினை ஆட்டையும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் வெட்டக் கூடாது. கூறு போட்டு வீட்டில் வெட்டுவது இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிற பழக்கம். இதை நான் அவர்களிடமும் சொன்னேன். ஆனால் மருத்துவ முத்திரையைவிட இறைச்சிக்கூடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அங்கே கெட்டுப்போன ஈரலும் நுரையீரலும் ஒதுக்கி அழிக்கப்பட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. வேப்பமரத்தடியில் அது இல்லை.

முதலில் சொல்லப்பட்ட காரணங்கள்

நான் போனபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது. மகன் எண்ணெய் என்றார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலி தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை பரவியது ஊருக்கே தெரியும். எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு விழுந்ததையும் மீனவர்களின் வலை நாசமானதையும் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். அந்தப் பகுதியில் எந்த நோய்க்கும் முதலில் ஆலைகளைத்தான் பார்ப்பார்கள், பல நேரம் அதில் தப்பும் இல்லை. ஆனால் விஷத் தண்ணீர் குடித்திருந்தால் மந்தை முழுக்கக் குடித்திருக்கும். எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட வயதுக் குட்டிகளை மட்டும், அதுவும் மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் அது தாக்காது.

பாட்டி திருஷ்டி என்றார். மருமகள், அருகிலிருந்த மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைப் போட்டதால் இருக்குமோ என்று கேட்டார். அது நல்ல கேள்வி. சோறு அளவுக்கு மீறினால் ஆட்டின் முதல் வயிறு புளித்துப்போகும். அதன் தொடர்ச்சியாக தயமின் என்ற வைட்டமின் குறைந்து மூளை பாதிக்கப்பட்டுக் கண் தெரியாமல் போவதும் உண்டு. ஆனால் அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் முற்றுகிற சமாச்சாரம். இந்தக் குட்டிகளில் முதல் குட்டி மூன்று வாரமாக ஒரே நிலையில் சுற்றிக்கொண்டிருந்தது.

என்னைக் கவலைப்பட வைத்தது ரேபிஸ். தெருநாய் நடமாடும் இடத்தில், நரம்புக் கோளாறோடு ஓர் ஆடு நின்றால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நான் போவதற்கு முன்பே நான்கில் ஒன்றை, ‘வீணாப் போறதுக்குள்ள’ என்று வெட்டிக் கூறு போட்டிருந்தார்கள். மீதி மூன்றைத் தனியே கட்டச் சொல்லி, யாரும் வாயில் கை வைக்க வேண்டாம், எக்காரணம் கொண்டும் வெட்ட வேண்டாம் என்றேன். ரேபிஸ் வந்த ஆடு அறிகுறி தெரிந்த பிறகு அதிக நாள் தாங்காது. பெரும்பாலும் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். மூன்றும் அதைத் தாண்டி நின்றன, தீனியும் எடுத்தன. அதன் பிறகே அந்தப் பயம் தணிந்தது.

பரிசோதனையில் மற்றது தெளிவானது. ஒரு குட்டி இடப்பக்கமாகச் சுற்றியது; அதன் வலக்கண் முன்னால் கையை வீசினால் இமைக்கவில்லை, டார்ச் அடித்தால் மட்டும் பாவை சுருங்கியது. கண் நன்றாக இருக்கிறது, மூளையில்தான் கோளாறு என்று அர்த்தம். இன்னொன்றின் மண்டையில், கொம்பு முளைக்கும் இடத்துக்குப் பின்னால், கட்டைவிரலால் அழுத்தினால் எலும்பு உள்ளே அமுங்கியது. உள்ளிருந்து ஏதோ வளர்ந்து எலும்பைத் தேய்த்து மெல்லியதாக்கியிருக்கிறது.

தலையைத் திறந்தபோது

மூன்றில் ஒன்று சில நாளில் எழுந்திருக்க முடியாமல் கிடந்து செத்தது. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு அதன் தலையைத் திறந்தோம். இடப்பக்க மூளையின் பாதி இடத்தை ஒரு நீர்ப்பை பிடித்திருந்தது. குறுக்களவு ஐந்து சென்டிமீட்டர் இருக்கும், மெல்லிய சவ்வு, உள்ளே தெளிந்த நீர். சவ்வின் உட்புறம் கூட்டம் கூட்டமாக வெள்ளைப் புள்ளிகள், குருணை ஒட்டினாற்போல. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை. ஒரு பையில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்.

டீனியா மல்டிசெப்ஸ் என்ற நாடாப்புழுவின் இளநிலை இது. வளர்ந்த புழு நாயின் குடலில் வாழும். முட்டை நாயின் மலத்தில் வெளியே வரும். புல்லோடு ஆடு அதைத் தின்னும். குஞ்சுப் புழு குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய், மாதக்கணக்கில் மெதுவாக நீர்ப்பையாக வளரும். ஆடு சுற்றத் தொடங்குவது பெரும்பாலும் ஆறு, எட்டு மாதம் கழித்துத்தான். சரி, ஆட்டின் மண்டைக்குள் பூட்டிக்கிடக்கும் இந்தப் பை மறுபடி நாயின் குடலுக்கு எப்படிப் போகும்? நாய் அந்த மூளையைப் பச்சையாகத் தின்றால்தான் போகும். வேறு வழியே கிடையாது.

இங்கேதான் எனக்கு இடித்தது. வடசென்னையில் யார் ஆட்டு மூளையை நாய்க்குப் போடுகிறார்கள்? தலைக்கறிக்கும் மூளை வறுவலுக்கும் அடித்துக்கொள்கிற ஊர் இது. இந்தக் குடும்பத்திலும் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டிச் சுரண்டி, சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்கள். மச்சானிடமே கேட்டேன்.

“அண்ணே, இந்த மாதிரி தண்ணிப் பை இதுக்கு முன்னாடி மூளையில பார்த்திருக்கீங்களா?”

“போன வருஷ ஆடியில ஒண்ணு பார்த்தேன் சார். வாட்டிட்டுத் தலையைப் பொளக்கறேன், உள்ளே மூளையே இல்ல, தண்ணியா கீது. அதைப் போய் யாருக்கு சார் தர்றது? கஞ்சிக்குச் சுத்திக்கினு இருந்த நாய்க்குப் போட்டுட்டேன்.”

மொத்தக் கதையும் அந்த ஒரு பதிலில் இருந்தது. நல்ல மூளை சட்டிக்குப் போகிறது. அதனால் எந்த ஆபத்தும் இல்லை, நல்ல மூளையில் புழுவே இல்லையே. பை வைத்த மூளையை யாரும் தொட மாட்டார்கள், அது மட்டும் தவறாமல் நாய்க்குப் போகிறது. சுத்தம் பார்த்துத் தரம் பிரிக்கிற அதே கை, புழு உள்ள பாகத்தை மட்டும் பொறுக்கியெடுத்து, அந்தப் புழுவுக்குத் தேவையான ஒரே பிராணியிடம் கொடுக்கிறது. நாய்க்கு எல்லா மூளையையும் போடும் வீட்டில்கூட இவ்வளவு குறி தப்பாமல் நடக்காது. நெருப்பில் வாட்டுவதும் உதவாது. வெளித்தோல் கருகும், உள்ளே மூளை பச்சையாகத்தான் இருக்கும்.

ஈரலுக்கும் நுரையீரலுக்கும் இதே நியாயம்தான். கேட்கக் கேட்க மச்சான் சொன்னார்: குடலை மூடிய கொழுப்புச் சவ்வில் தொங்கும் நீர்ப்பை அடிக்கடி வரும், கட்டி விழுந்த நுரையீரல் எப்போதாவது வரும், எல்லாமே நாய்க்குத்தான். கொழுப்புச் சவ்வில் தொங்குவது இன்னொரு நாடாப்புழுவின் பை. ஆட்டுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் அது அடிக்கடி வருகிறது என்றாலே அந்த வீட்டு நாய்களின் குடலுக்கும் ஆடுகளின் வாய்க்கும் நடுவே போக்குவரத்து தடையில்லாமல் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

வெள்ளம் செய்தது

2023 ஆடியில் வெட்டிய அந்த ஆடு பட்டியில் பிறந்ததில்லை. ஒரு வியாபாரியிடம் மலிவாகக் கிடைத்தது. ‘கொஞ்சம் மந்தமா இருந்துச்சு, அதான் கொறைச்சுக் குடுத்தான்’ என்றார் பெரியவர். மந்தமாக இருந்ததன் காரணம் தலைக்குள் இருந்திருக்கிறது.

நாய் அதைத் தின்று ஆறேழு வாரத்தில் மலத்தில் முட்டை வரத் தொடங்கும். ஆக, புரட்டாசி வாக்கில் ஆரம்பித்திருக்கும். சாதாரண வருடமாக இருந்தால் ஏரிக்கரை முழுக்கப் பரவி, பாதிக்கு மேல் வெயிலில் காய்ந்து செத்திருக்கும். இந்த முட்டைக்கு ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் உயிர் இருக்கும். காய்ந்துபோவதும் சூடும்தான் அதற்கு எமன்.

டிசம்பர் 4-ஆம் தேதி புயல் மழையில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் பட்டிக்குள் வந்தது. அருகில் மண்கொட்டி உயர்த்தியிருந்த ஒரு காலி மனையில் ஆடு, நாய், ஆள் எல்லோரும் ஏறினார்கள். வைக்கோல் போய்விட்டது. பத்து நாளுக்கு மேல் ஆடுகள் அந்தத் திட்டில் முளைத்திருந்த புல்லையே திரும்பத் திரும்பக் கடித்தன. நாய்கள் மலம் கழித்ததும் அங்கேதான். இரண்டு மூன்று மாதக் குட்டிகள் அப்போதுதான் பாலோடு புல்லும் கடிக்கப் பழகிக்கொண்டிருந்தன. வயது வந்த ஆடுகளுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், குட்டிகளுக்கு இல்லை. டிசம்பரிலிருந்து எண்ணினால் ஏழெட்டு மாதத்தில் ஆடி. கணக்கு அப்படியே உட்காருகிறது.

மகன் வெள்ளத்தைக் காரணம் சொன்னது, ஒரு வகையில், சரியாகவே முடிந்தது. எண்ணெய்க்குப் பதிலாகத் திட்டு என்று மாற்றிக்கொண்டால் போதும்.

“நாங்க சாப்பிட்டுட்டோமே சார்”

வெட்டிக் கூறு போட்ட அந்தக் குட்டியைப் பற்றிப் பாட்டிக்குப் பெரிய கவலை. கறியைச் சாப்பிட்டு யாருக்கும் இந்தப் புழு வராது. ஆட்டிலிருக்கும் பை நாய்க்குத்தான் தொற்றும். மனிதருக்கு வருவதென்றால் நாய் மலத்திலிருக்கும் முட்டை கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ வாய்க்குப் போக வேண்டும், அதுவும் இந்தப் புழுவில் மிக அரிது. இருந்தாலும் சுற்றுகிற ஆட்டை வெட்டியது பெரிய ஆபத்து. ரேபிஸாக இருந்திருந்தால் அந்தத் தலையைப் பிளந்த மச்சானின் கைக்கீறல் போதும். மந்தமாக நிற்கிற, சுற்றுகிற, வாயில் நுரை தள்ளுகிற ஆட்டுக்குக் கத்தியை எடுக்கவே கூடாது என்பதை அவர் அன்றைக்கே ஒத்துக்கொண்டார். ஒரு கிடா என்றால் பதினான்கு பதினைந்து கிலோ கறி, அதை விட மனசு வராது. கஷ்டம்தான். ஆனால் விட வேண்டும்.

உண்மையில் நான் பயந்தது பேரப்பிள்ளைகளுக்காக. நாய் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது நாடாப்புழு முட்டைகள் இருந்தன. அது மூளைப் புழுவின் முட்டையா, நுரையீரலில் ஹைடாடிட் கட்டி உண்டாக்கும் எக்கினோகாக்கஸின் முட்டையா என்று பார்வையில் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஹைடாடிட் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, கடைசியில் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடும். அதுவும் இதே வழியில்தான் வருகிறது: கட்டி விழுந்த நுரையீரல் நாய்க்கு, நாய் மலம் முற்றத்தில், முற்றத்தில் விளையாடிய கை வாயில்.

என்ன செய்தோம்

மீதியிருந்த இரண்டு குட்டிகளில் மண்டை எலும்பு அமுங்கிய குட்டியை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுத்து, மெல்லிய எலும்பில் துளையிட்டு, நீரை உறிஞ்சியெடுத்து, சவ்வைத் துண்டாகாமல் வெளியே இழுத்தார்கள். மறுவாரமே நேராக நடந்தது. இன்னொன்றில் பை எங்கே ஆழத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பிடிபடவில்லை. அதைக் கருணைக்கொலை செய்து புதைத்தோம். ஒரு குட்டிக்கு ஆகும் போக்குவரத்தும் செலவும் குட்டியின் விலையைத் தொட்டுவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் வந்த பிறகு வைத்தியம் பார்ப்பது இதில் கட்டுப்படியாகாது.

நாயை விரட்டிவிடலாம் என்றார் மகன். பெரியவர் விடவில்லை. ஆட்டுத் திருட்டு நடக்கிற பகுதி, பாம்பும் உண்டு, நாயில்லாமல் ராத்திரி தூங்க முடியாது. எனக்கும் அவர் சொன்னதுதான் சரியென்று பட்டது. மூன்று நாய்க்கும் பிராசிகுவாண்டல் மாத்திரை, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில், ஆறு வாரத்துக்கு ஒரு முறை. புழு நாயின் குடலில் முதிர்ந்து முட்டை போட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அந்த இடைவெளி. இந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மாத்திரை போட்ட பிறகு மூன்று நாள் நாயைக் கட்டிப்போட்டு, மலத்தை அள்ளி எரிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மருந்து கொடுத்த அன்றைக்கே முற்றம் முழுக்க முட்டையாகிவிடும். மருமகள் இந்த வேலையை எடுத்துக்கொண்டார், காலண்டரில் தேதி வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

வெட்டும் இடத்துக்கு வந்தோம். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வது. இந்தப் பகுதியில் அது எடுபடாது. மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், குழியில் போட்டதெல்லாம் மிதந்து வரும். அதனால் வேகவைப்பது என்று முடிவு செய்தோம். ஒரு பழைய அண்டா, மூன்று கல், மரக்கடையில் கிடைக்கும் கழிவு விறகு. ஒதுக்கிய உறுப்பையெல்லாம் சிறிதாக நறுக்கிப் போட்டு, கொதி வந்த பிறகு முக்கால் மணி நேரம். ஆறியதும் நாய்க்கே போடலாம். நாய்க்கும் நஷ்டமில்லை, பழக்கத்தை உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேப்பமரத்தைச் சுற்றி கம்பிவலை அடித்து, ஒரு கதவும் வைத்தார்கள், வெட்டும்போது தெருநாய் நுழையாமல் இருக்க.

மச்சானுக்கு ஒரு வேலை கூடியது. எந்தப் பை, எந்தக் கட்டி வந்தாலும் உடனே தூக்கி வீசாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அக்டோபர் 31, தீபாவளியன்று காலையிலேயே போன் வந்தது. உரித்த வெள்ளாட்டுக் கிடாவின் தொடைச் சதையில் ஒரு நீர்ப்பை. வெள்ளாட்டில் இந்தப் புழு மூளையோடு நிற்காமல் சதையிலும் தோலடியிலும் வருவதுண்டு. இந்தியாவில் அதைப் பல காலம் தனி இனமாகவே எண்ணி வந்தார்கள். வெள்ளாடு ஒன்றுக்கும் பாதிப்பில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்ததற்கு அவர் டப்பா பதில் சொன்னது. அதே நாளில் ஒரு கிழட்டுச் செம்மறியின் நுரையீரலில் கெட்டியான வெண்சவ்வோடு ஒரு கட்டியும் கிடைத்தது, பார்க்க ஹைடாடிட் போலவே. எல்லாம் அண்டாவுக்குப் போயின.

இப்போது

2024 மழைக்கு முன் பிறந்த குட்டிகளில் இதை எழுதும்வரை எதுவும் சுற்றவில்லை. அந்த மழையில் வெள்ளம் பட்டிக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மாத்திரையும் அண்டாவும் எவ்வளவு செய்தன, காய்ந்த தரை எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல ஒரு பட்டி போதாது. தெருநாய்கள் இன்னும் ஏரிக்கரையில்தான் திரிகின்றன. சாலையோரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் ஒரு கறிக்கடையின் கழிவு இன்னும் அங்கேதான் விழுகிறது. கடைக்காரரிடம் பெரியவர் இரண்டு தடவை பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அடுத்த மனைக்காரர் மட்டும் பொங்கலுக்கு வெட்டிய கிடாவின் ஒதுக்கைக் கொண்டுவந்து இவர்கள் அண்டாவில் போட்டார். விறகுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.